முப்பத்தெட்டு பைசாக் கணக்கு

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “என் அக்கா 2012-லிருந்து அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. 2025 நவம்பர் மாதச் சம்பளம் 12,500 ரூபாய் வந்தது. மே மாதம் என்றால் அதுவும் கிடையாது. கூலி வேலைக்குக்கூடக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருக்கிறதே, அரசுப் பள்ளி உதவி ஆசிரியர்களுக்கு மட்டும் ஏன் பொருந்தாது? குறைந்தது 25,000 வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது நியாயமான தொகையா? வீட்டில் எல்லாரும் வேலையை விட்டுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், ஐயா?”

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வித் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். வாத்தியார் வேலை ஒருநாளும் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சம்பளப் பட்டியல் எழுதி, சார்நிலைக் கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடி, தணிக்கைக்காரர்களின் கேள்விக்குப் பதில் எழுதியே தலை நரைத்தது. அதனால் யார் நன்றாகப் பாடம் நடத்துவார் என்று என்னிடம் கேட்காதீர்கள். யாருக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கேட்டால் சொல்வேன்.

உதவி ஆசிரியர் என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. அந்தக் காலத்தில் தலைமையாசிரியர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் உதவி ஆசிரியர்தான். இன்றும் பட்டதாரி ஆசிரியரை பி.டி. அசிஸ்டென்ட் என்றும், முதுகலை ஆசிரியரை பி.ஜி. அசிஸ்டென்ட் என்றும் சொல்வது அதன் மிச்சம். அவர்களுக்குக் காலமுறை ஊதியம், அதாவது ஊதிய விகிதமும் வருடாந்தர உயர்வும் உள்ள சம்பளம், உண்டு. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 36,400 ரூபாய். தம்பி கேட்பது அவர்களைப் பற்றியல்ல, அந்த வரிசையில் இடம் கிடைக்காமல் ஓரமாக நிற்பவர்களைப் பற்றி.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் 2007-ல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர். பக்கத்தில் இருப்பவரும் இடைநிலை ஆசிரியர்தான், ஆனால் 2012-ல் சேர்ந்தவர். மூன்றாமவர் காலிப் பணியிடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியர். நான்காவது ஆள் நம் தம்பியின் அக்கா. குழம்பை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் நான்கு பேருக்கும் நான்கு கணக்கு.

முதல் இரண்டு பேரின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும்.

ஐந்தாவது ஊதியக் குழுவில் இடைநிலை ஆசிரியரின் சம்பள விகிதம் 4,500-ல் தொடங்கியது. 2009 ஜூன் 1 தேதியிட்ட அரசாணை 234 மூலம் ஆறாவது ஊதியக் குழுவின் விகிதம் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். பதவியின் தரத்துக்கேற்ப அதன் மேல் கொடுக்கும் தர ஊதியம் 2,800 சேர்த்தால் 11,170. அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெருக்க எதுவும் இல்லை. ஊதியக் கட்டு 5,200 முதல் 20,200 வரை, அதனால் அடிமட்டமான 5,200-ல் தொடங்கு என்றார்கள். தர ஊதியம் சேர்த்து 8,000. மே 31-ல் சேர்ந்தவருக்கு 11,170, மறுநாள் சேர்ந்தவருக்கு 8,000. வித்தியாசம் 3,170 ரூபாய். அதே வகுப்பு, அதே கரும்பலகை, அதே கல்வித் தகுதி.

மத்திய அரசுக்கும் இதே பிரச்சினை வந்திருக்கும். அவர்கள் 2008 விதிகளிலேயே புதிதாகச் சேர்பவர்களுக்கென்று தனியாக ஓர் அட்டவணை போட்டார்கள். 2,800 தர ஊதியமுள்ள பதவிக்கு நேரடியாக வருபவர் 8,560-ல் தொடங்க வேண்டும், மொத்தம் 11,360 என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நம் மாநிலத்தில் அந்த அட்டவணையை எடுத்துக்கொள்ளவில்லை. மத்திய அரசுப் பள்ளித் தொடக்க ஆசிரியருக்கு அங்கே தர ஊதியமே 4,200, தொடக்கம் 13,500 என்பது தனிக் கதை.

அப்புறம் ஏழாவது ஊதியக் குழு வந்து எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கியது. 8,000 என்பது 20,560 ஆகி, 20,600-ல் உட்கார்ந்தது. அந்த 3,170-ம் சேர்ந்து பெருகியது: இடையில் வந்த இன்கிரிமென்ட்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 8,147 ரூபாய். அதன் மேல் 2025 ஜூலைக் கணக்கில் 58 சதவீத அகவிலைப்படி போட்டால் மாதம் 12,800-க்கும் மேல். ஒருநாள் தாமதத்துக்கான அபராதம் வட்டிக்கு வட்டியாக ஏறியிருக்கிறது. வட்டிக் கணக்கு தெரிந்த ஊர் இது, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் 2018 டிசம்பரில் இடைநிலை ஆசிரியர்கள் சென்னையில் டி.பி.ஐ. என்கிற பள்ளிக் கல்வித் துறைத் தலைமை அலுவலக வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறுபடியும் மறுபடியும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் மூன்று பேர் குழு ஒன்றையும் அரசு அறிவித்தது.

மூன்றாமவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022-ல் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்றார்கள். பிறகு அது 12,000, 15,000, 18,000 ஆனது. நிரந்தர ஆள் வந்ததும் போய்விட வேண்டிய வேலை என்பது உத்தரவிலேயே இருக்கிறது. போகிறவருக்கும் தெரியும்.

இனி அக்காவின் கணக்கு. பகுதிநேர ஆசிரியர் என்ற பதவி எங்கிருந்து முளைத்தது என்று பலருக்குத் தெரியாது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அது சொல்கிறது. ‘பகுதிநேரம்’ என்ற சொல் சட்டத்திலேயே விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 2011-ல் அரசாணை 177 போட்டு, 2012-ல் 16,549 பேரைச் சேர்த்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு. சம்பளம் 5,000. பணம் வந்தது அனைவருக்கும் கல்வி இயக்கத்திலிருந்து, இன்றைய சமக்ர சிக்ஷா. ஆக, இவர்கள் துறையின் ஆட்கள் அல்ல, திட்டத்தின் ஆட்கள். எங்கள் அலுவலக மொழியில் இது பெரிய வித்தியாசம். துறை ஆளுக்குப் பணிப்பதிவேடு உண்டு, கருவூலம் உண்டு, இன்கிரிமென்ட் உண்டு. திட்டத்து ஆளுக்கு நிதி வந்தால் சம்பளம். 2024-25-ல் பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று சமக்ர சிக்ஷாவின் மத்திய பங்கு 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். பெரியவர்கள் சண்டை அது. ஆனால் திட்டத்து ஆளின் சோறு எந்தப் பானையிலிருந்து வருகிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது.

5,000 என்பது 2014-ல் 7,000 ஆனது, 2017-ல் 7,700, 2021-ல் 10,000. 2023 அக்டோபரில் அறிவித்து 2024 ஜனவரியிலிருந்து 12,500. ஒவ்வொரு முறையும் நாளிதழில் ‘பகுதிநேர ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வு’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் இரண்டரை மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, பழைய அகவிலைப்படி அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். புதிதாகச் சேரும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகைப்படி, தனி ஊதியம், மருத்துவப்படி எதையும் சேர்க்கவில்லை. அந்த ஒரு ரூபாய்க்கு எதிரே பகுதிநேர ஆசிரியர் வாங்கியது எத்தனை பைசா?

2012 தொடக்கத்தில் அகவிலைப்படி 65 சதவீதம். 8,000-க்கு 13,200. அதில் 5,000 என்பது 38 பைசா. 2014-ல் அகவிலைப்படி 100 சதவீதமானபோது 16,000-க்கு 7,000, 44 பைசா. பரவாயில்லை, ஏறியிருக்கிறது. நடுவில் ஏழாவது ஊதியக் குழு. 2020-ல் 24,102-க்கு 7,700, 32 பைசா. 2021-ல் 10,000 ஆக்கியதும் 41 பைசா. 2024 ஜனவரியில் 30,900-க்கு 12,500, 40 பைசா. 2025 ஜூலையில் 32,548-க்கு அதே 12,500. எவ்வளவு வருகிறது? 38 பைசா.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். 2012-ல் 38, 2025-ல் 38. நான்கு உயர்வு, எத்தனையோ போராட்டம், பாராட்டு விழா எல்லாம் கழிந்து அக்கா நின்ற இடத்திலேயே நிற்கிறார். கிணற்றில் வாளியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கிறதே தவிர, தண்ணீர் மட்டம் அப்படியே இருக்கிறது. தம்பியின் கேள்விக்கு என் உண்மையான பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எத்தனை ஆயிரம் கூட்டலாம் என்பது இரண்டாவது கேள்வி. எதோடு சேர்த்துக் கட்டலாம் என்பதுதான் முதல் கேள்வி. அகவிலைப்படியோடு கட்டாத தொகுப்பூதியம், அதாவது மாதாமாதம் ஒரே மொத்தத் தொகை, ஐஸ்கட்டி மாதிரி. கையில் வாங்கும்போது இருக்கும், வீடு போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும்.

அரசுத் தரப்பின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருபக்கத் தராசு பிடித்தவனாகிவிடுவேன். மாதத்தில் பன்னிரண்டு அரை நாள் வேலைக்கு 12,500 என்றால் ஓர் அரை நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது. வாரத்தில் பத்து அரை நாட்களில் மூன்றுக்குத்தான் வேலை, அதாவது முப்பது சதவீதம். முப்பது சதவீத வேலைக்கு முப்பத்தெட்டு பைசா, இன்னும் என்ன என்று நிதித் துறையில் கேட்பார்கள். காகிதத்தில் அது சரி. கருவூலத்தில் நானே அப்படித்தான் கேட்டிருப்பேன்.

ஊருக்குள் வந்தால் அந்தக் கணக்கு நிற்காது. எனக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவர், நல்ல கை. மீதி ஏழு அரை நாளில் அவர் என்ன வேலைக்குப் போவார்? மூன்று நாள் லீவு கொடு என்றால் எந்தக் கடைக்காரர் வேலைக்கு வைத்துக்கொள்வார்? கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் ஷூட்டிங் வந்தால் ஆர்ட் டிபார்ட்மென்டில் போர்டு எழுதப் போவார். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளியில் ஆய்வு, வா என்று போன் வரும். மே மாதம் முழுக்கச் சம்பளம் இல்லாததால் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருப்பார், அந்த வெயிலில். 2025 கணக்கில், வருடத்துக்குப் பதினோரு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,458 ரூபாய்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதில் பெண் ஆசிரியைகளுக்கு டவுன் பஸ் இலவசமாக இருப்பது ஒரு சிறு ஆறுதல். அந்த ஓவிய ஆசிரியருக்கு அதுவும் இல்லை. மூன்று அரை நாள் என்பதும் பல இடங்களில் பேருக்குத்தான். ஆள் பற்றாக்குறையுள்ள பள்ளியில் மற்ற வகுப்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, தேர்தல் விழிப்புணர்வுக் கோலம் என்று எல்லாவற்றுக்கும் ஓவிய வாத்தியார்தான் வேண்டும். அதற்கெல்லாம் வருகைப் பதிவேட்டில் இடமில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஏன் பொருந்தாது என்று தம்பி கேட்கிறார். 1948-ம் ஆண்டின் அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்தது. 1988-ல் சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், தொழிற்தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-ல் ஹரியானாவின் அங்கீகாரமில்லாத பள்ளிகள் சங்க வழக்கில், குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. உடலுழைப்போ எழுத்தர் வேலையோ செய்பவருக்குத்தான் அந்தச் சட்டம், ஆசிரியப் பணி உயர்ந்த பணி, அதில் அடங்காது என்பது சாரம். மாலை போட்டு வாசலில் நிறுத்திவைப்பது என்பார்களே, அது மாதிரி. அதனால் பள்ளியில் கணக்கு எழுதும் கிளார்க்குக்கு அந்தச் சட்டத்தில் குறைந்தபட்சம் இருந்தது, அதே பள்ளியில் பாடம் நடத்துபவருக்கு இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவும் ஆசிரியரின் சம்பளத்தை விதிகளில் நிர்ணயிக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது, எவ்வளவு என்று சொல்வதில்லை.

மிஞ்சுவது ‘சம வேலைக்குச் சம ஊதியம்’. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தின் தொடக்கத் தொகையையாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஆட்கள் எல்லாரும் கையில் வைத்திருப்பது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் 2019 மே மாதம் பீகாரின் ஒப்பந்த ஆசிரியர்கள் இதே வாதத்தோடு போனபோது, அவர்கள் வேறு முறையில், உள்ளாட்சி அமைப்புகள் மூலம் வந்த வேறு பிரிவு என்று சொல்லி அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஜெயித்த வழக்கு அது. ஆக, ‘அதே வேலை’ என்று காட்ட முடிந்தால்தான் ஜக்ஜித் சிங் காப்பாற்றுவார். தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு அதைக் காட்டலாம், அவர் முழுநாளும் நிற்கிறார். வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று உத்தரவிலேயே எழுதப்பட்ட அக்காவுக்கு அது கடினம். இதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நல்லதல்ல.

ஒரு பழங்கதை. என் அப்பாவும் வாத்தியார்தான், இந்தப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில். அந்தக் காலத்தில் கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கைக்கு வரும் தொகை வேறு. கேட்டால் வேலை போய்விடும். பிறகு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமெல்லாம் வந்து, அரசுச் சம்பள விகிதம் நேராக அவர் கைக்கு வந்தபோது அம்மா முதலில் வாங்கியது ஒரு பித்தளை அண்டா. அது இன்னும் வீட்டில் இருக்கிறது. இதற்கு முன்னால் போனால், நம் ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் நடத்தப் போனவர்களின் கடைகளில் ஏஜென்டாகப் போகிறவருக்கு மூன்று வருடக் கெடுவுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் கப்பல் ஏற்றுவார்கள். கெடு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று கிளம்பும்போதே தெரியும். பதின்மூன்று வருடம் வேலை பார்த்த ஒருத்திக்கு அடுத்த உயர்வு எப்போது என்று சொல்ல ஒரு சீட்டு இல்லை என்பது இந்த மண்ணில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

25,000 நியாயமா என்ற கேள்விக்கு: தொகை நியாயம், கேட்கும் விதம்தான் தவறு. 25,000 என்பது 2025 ஜூலைக் கணக்கில் 77 பைசா. கட்டில்லாமல் கொடுத்தால் அதுவும் தேயும். 2014-ல் 44 பைசாவாக இருந்தது, நடுவில் 700 ரூபாய் கூட்டியும் ஆறு வருடத்தில் 32-க்கு இறங்கியதைப் பார்த்தோம்.

நான் மனு எழுதினால் இப்படி எழுதுவேன். மூன்று அரை நாளை ஐந்து அரை நாள் ஆக்குங்கள். பாதி வேலை, அதற்கு இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் சரிபாதி. 2025 ஜூலைக் கணக்கில் 16,274 ரூபாய், மே உட்படப் பன்னிரண்டு மாதமும். அகவிலைப்படி ஏறும்போது அதுவும் தானாக ஏறும், யாரும் டி.பி.ஐ.யில் போய்ப் படுக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் பத்து அரை நாள், முழு ஊதியம். இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அரசாணை 177-லேயே ஒருவர் நான்கு பள்ளிகள் வரை பார்க்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள், நடைமுறையில்தான் அதை மறந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு பள்ளி, எதிலும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு. நூறு பேர் இல்லாததால் ஓவிய ஆசிரியரே கிடைக்காத பள்ளிகளும் உண்டு. இரண்டு பள்ளிக்கு ஒருவர் என்பது இந்த ஊர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. முழு வாரமும் வேலை பார்த்துவிட்டால் பீகார் தீர்ப்பைக் காட்டி மறுப்பதும் அவ்வளவு சுலபமில்லை.

‘காசு எங்கே?’ என்று கேட்பார்கள். இப்போது இருப்பவர்கள் சுமார் 12,000 பேர். பாதிச் சம்பளம், பன்னிரண்டு மாதம் என்ற என் கணக்குப்படி கூடுதல் செலவு வருடத்துக்கு 70 கோடிக்குள். எல்லாருக்கும் முழு அடிப்படையும் அகவிலைப்படியும் கொடுத்தாலும் சுமார் 304 கோடி. 2025-26-ல் பள்ளிக் கல்விக்கு மாநில பட்ஜெட்டில் ஒதுக்கியது 46,767 கோடி. நூறு ரூபாய்க்கு முதலாவது 15 பைசா, இரண்டாவது 65 பைசா. முடியாது என்று சொல்வதற்கு இது போதாது. முன்னுதாரணமும் இருக்கிறது. 2003-க்குப் பிறகு 3,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியலை நான் எழுதினேன். மேஜை முழுக்கப் புதுப் பணிப்பதிவேடுகள். அட்டை போட்டு முடிக்கவே ஒரு வாரம் ஆனது. பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி எண் 181-ஐ இவர்கள் ஏன் மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், ஒருமுறை நடந்ததைக் கண்ணால் பார்த்த துறை இது.

கடைசியாக, வேலையை விடலாமா என்பது. என் யோசனை, இப்போது வேண்டாம். 2006-ல் வந்த உமாதேவி தீர்ப்பு தற்காலிக ஊழியர்களை நிரந்தரம் செய்வதற்குப் பெரிய தடைதான். ஆனால் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், வருடக்கணக்காக இடைவிடாமல் வழக்கமான வேலையே பார்த்தவர்களை ‘தற்காலிகம்’ என்ற பெயரைச் சொல்லியே தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கதவு திறந்தால் உள்ளே போகச் சீட்டு, இடைவிடாத பணிக்காலம். விட்டுவிட்டால் பதின்மூன்று வருடமும் போயிற்று.

அதற்குள் அக்கா செய்ய வேண்டியது: 2012 நியமன உத்தரவு, பள்ளி மாற்றியிருந்தால் அந்த உத்தரவுகள், ஓவியத்தில் ஹையர் கிரேடு தேர்வு, டி.டி.சி. என்கிற தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி இவற்றின் சான்றிதழ்கள், வருடவாரியாக வங்கிக் கணக்கு அச்சு, இவற்றை ஒரு கோப்பில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டில் தன் பக்கத்தை வருடாவருடம் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். கூப்பிட்டதால் கூடுதலாகப் போன நாட்களை ஒரு டைரியில் தேதியோடு எழுதட்டும். அப்புறம், பக்கத்தில் ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளி எது என்று விசாரித்து, அரசாணை 177-ஐக் குறிப்பிட்டு அந்தப் பள்ளியையும் தரும்படி எழுத்தில் மனு கொடுக்கட்டும். வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்மா’ என்பார்கள். மனுவுக்கு நகல் எடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நான் முத்திரை குத்திய பக்கத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன், முத்திரை இல்லாத மனுக்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

மனுவை எழுதிவிட்டு ஒருமுறை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் தம்பி, திருத்திக் கொடுக்கிறேன்.